ஒன்றும் நடக்காத 37 ஆண்டுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

விமானப் பராமரிப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு நான் நடத்துவது ஒன்பதாவது பாடம். லைசன்ஸ் தேர்வில் அதற்கு மனிதக் காரணிகள் என்று பெயர். இயந்திரம் ஏன் பழுதாகிறது என்பதை மற்றப் பாடங்கள் சொல்லிவிடும். அதைத் தொடும் மனிதன் ஏன் பிழை செய்கிறான் என்பது என் பங்கு. இந்தப் பாடத்தை நிகழ்வு ஆய்வு இல்லாமல் நடத்த முடியாது. எங்கள் துறையிலோ நிகழ்வு என்றாலே விபத்துதான்.

ஒவ்வொரு பருவத்தையும் 1990 ஜூன் 10-இல் தொடங்குவேன். பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் முன்கண்ணாடி, 17,300 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. தலைமை விமானியின் உடல் பாதி வெளியே இழுபட, பணியாளர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டே தரை சேர்ந்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். 27 மணி நேரத்துக்கு முன்புதான் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. 90 போல்ட்டுகளில் 84 தேவையானதைவிட மெலிந்தவை. மீதி 6 நீளம் குறைந்தவை. மாற்றியவர் கற்றுக்குட்டி இல்லை, அந்த ஷிப்டுக்கே பொறுப்பாளர். விடியற்காலை நேரம், ஆள் குறைவு. பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மங்கலான வெளிச்சத்தில் கண்ணளவாக ஒப்பிட்டு எடுத்தார். பாகங்களின் அட்டவணையைப் புரட்டிப் பார்க்கவில்லை.

போன ஆண்டு இதைச் சொல்லி முடித்தபோது பின்வரிசை மாணவி ஒருத்தி கை தூக்கினாள். "சார், ஒன்றுமே நடக்காத ஒருவரைப் பற்றி ஆய்வு கிடையாதா?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஒன்றும் நடக்காவிட்டால் விசாரணை இல்லை, விசாரணை இல்லாவிட்டால் அறிக்கை இல்லை, அறிக்கை இல்லாமல் எதைப் பாடமாக வைப்பது?

வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வீட்டில்தான் வளர்ந்தேன். என் தாய்மாமன்.

ஆளும் பின்புலமும்

மாமா 1946-இல் கோலாலம்பூர் செந்தூலில், ரயில்வே குடியிருப்பில் பிறந்தார். தாத்தா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அந்தப் பட்டறை 1945-இல் நேச நாடுகளின் குண்டுவீச்சில் தரைமட்டமானது. மாமா பிறந்த வருடத்தில் தாத்தா இடிபாடுகளிலிருந்து இரும்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அதனால் 18 வயதில் மகன் விமானப்படைக்குப் போகிறேன் என்றதும், "மேலேயிருந்து வந்து நம் பிழைப்பில் விழுந்ததடா அது" என்றாராம். 1964, இந்தோனேசியாவுடன் மோதல் நடந்துகொண்டிருந்த காலம். பாட்டி அழுதார். மாமா போய்ச் சேர்ந்துவிட்டார்.

சுங்கை பீசி விமானப்படைத் தளத்தில் அவர் முதலில் தொட்டது ட்வின் பயனியர். அரச மலேசிய விமானப்படை 1958-இல் தொடங்கியபோது அதன் முதல் விமானமாக வந்த வகை அது. மூன்று வால்கள், நட்சத்திரம் போலச் சிலிண்டர்கள் விரிந்த இரண்டு இன்ஜின்கள், காட்டுக்குள் சின்ன இடம் கிடைத்தாலும் இறங்கிவிடும் சாமர்த்தியம். இவ்வகை இன்ஜின் இரவெல்லாம் சும்மா நின்றால் எண்ணெய் வடிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். அப்படியே முடுக்கினால் உள்ளே உடையும். எனவே காலையில் கையால் விசிறியைச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது முட்டினால் நிறுத்திவிட வேண்டும், பலம் போட்டுத் தள்ளக்கூடாது. மாமாவின் சுபாவமே இந்த ஒரு வேலையிலிருந்து வந்ததோ என்று நான் நினைப்பதுண்டு. வீட்டில் யாராவது முட்டிக்கொண்டு நின்றால் அவர் தள்ளியதே இல்லை.

12 ஆண்டுகள் படையில். 1976-இல் விலகி சுபாங் விமான நிலையத்தில் ஒரு விமான நிறுவனத்தின் ஹேங்கருக்கு, அதாவது விமானம் பழுதுபார்க்கும் கொட்டகைக்கு, வந்தார். ஃபோக்கர் எஃப்27, போயிங் 737-200, பிறகு பெரிய ஏர்பஸ். 1998-இல் விமானங்கள் சிப்பாங்கின் புதிய விமான நிலையத்துக்குக் குடிபெயர்ந்தபோது அவரும் போனார். 2001-இல், 55 வயதில் ஓய்வு. மொத்தம் 37 ஆண்டுகள். அவர் கையெழுத்திட்ட எந்த வேலையும் விசாரணைக்கு வரவில்லை.

தாத்தா 1967-இல் இறந்தபோது மாமாவுக்கு வயது 21. அடுத்து மூன்று தங்கைகள், மூத்தவர் என் அம்மா. மூவரையும் கரை சேர்த்த பிறகுதான், 1973-இல், அவர் கல்யாணம் செய்துகொண்டார். அத்தை கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். 1979-இல் என் அப்பா இறந்ததும் அம்மாவும் நானும் அந்த வீட்டில் சேர்ந்துகொண்டோம். அப்போது எனக்குப் பதினொரு வயது. ஆகவே இந்த ஆய்வில் ஆய்வாளன் நடுநிலையாளன் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

ஒரு திருப்புளி, 1966

ஆவணம் என்று எதுவும் இல்லாத நிகழ்வு இது. அம்மா சொன்னதும் மாமா சொன்னதும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன.

அன்று மாலை அம்மாவுக்குப் பரிசம் போடுகிறார்கள். அண்ணன் மாலை நான்கு மணிக்குக் கிளம்பி வர வேண்டும். வேலை முடிந்து கருவிகளை எண்ணியபோது ஒரு குட்டைத் திருப்புளி குறைந்தது. அந்தக் காலத்தில் கித்தான் துணிச் சுருள்தான். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பை. ஒரு பை காலி. யாரும் பார்க்கவில்லை. சுருளைக் கட்டி உள்ளே வைத்துவிட்டுப் பஸ் ஏறியிருக்கலாம். இவர் சார்ஜென்ட்டிடம் போய்ச் சொன்னார். விமானம் நிறுத்தி வைக்கப்பட்டது. கைவிளக்கும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு நான்கு பேர் தேடினார்கள். இரவு ஒன்பது மணிக்குத் தரைப்பலகைக்கு அடியில், வாலுக்குப் போகும் கட்டுப்பாட்டுக் கம்பிகளின் பக்கத்தில் அது கிடந்தது.

செந்தூல் வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் போய்விட்டார்கள். தாம்பாளங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். தாத்தா மூன்று நாள் மகனிடம் பேசவில்லை. பெண்ணின் ஒரே அண்ணன் பரிசத்துக்கு இல்லை என்றால் சும்மாவா?

சொல்லாமல் வந்திருந்தால் யாருக்குத் தெரியும் என்று பின்னாளில் கேட்டேன். "நான் இல்லாவிட்டாலும் உன் அம்மாவுக்குப் பரிசம் நடக்கும்" என்றார். அவ்வளவுதான். தன் பிழையைத் தானே சொல்லும் பண்பாடு என்று வகுப்பில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன். எல்லா மாணவர்களும் தலையாட்டுகிறார்கள். அன்று வீட்டில் பரிசம் இருந்தால் எத்தனை பேர் ஆட்டுவார்கள் என்று தெரியாது.

பகல் உறக்கம்

விமானம் பகலில் பறந்து சம்பாதிக்கிறது. இரவில்தான் மருத்துவம் பார்த்துக்கொள்ள வருகிறது. எனவே பராமரிப்பு வேலையில் பெரும்பகுதி ராத்திரி வேலை. விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை மனித உடல் மிகவும் இறங்கியிருக்கும் நேரம். கவனம், நினைவு, கையின் நிதானம் எல்லாம் ஒருசேரத் தணியும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் கண்ணாடியும் அந்த வேளையில்தான் பொருத்தப்பட்டது. இதற்கு மாத்திரையும் இல்லை, கோப்பியும் இல்லை. பகலில் ஒழுங்காகத் தூங்கியிருக்க வேண்டும். கூரைத் தகடு கொதிக்கும் கோலாலம்பூர் வரிசை வீட்டில், ஏழு பேர் நடுவே, அது எப்படி?

அத்தை அதை ஒரு தொழிலாகச் செய்தார். இரவு வேலை வாரத்தில் முன்னறை ஜன்னலுக்கு ராணுவக் கம்பளி ஏறும். அம்மிக்கு விடுமுறை, சட்டினி அரைக்கப் பக்கத்து வீட்டுக்குப் போவார். மாமா காலை எட்டு மணிக்கு வந்து, குளித்து, பசியாறி, ஒன்பதுக்குப் படுத்தால் மாலை நான்கு வரை அந்த வீட்டில் பாத்திரம் விழக்கூடாது. பக்கத்து வீட்டு வானொலிக்கு ஒலிக் குமிழில் எண் ஆறு வரை அனுமதி. இதற்காகத் தீபாவளிக்கு அவர்களுக்கு மட்டும் இரண்டு டின் முறுக்கு போகும். பெரிய தொல்லை பழைய பேப்பர் லாரிதான். "சூராட் காபார் லாமா..." என்று ஒலிபெருக்கியில் இழுத்துக்கொண்டு வருவான். அத்தை அவனைத் தெரு முனையிலேயே மறித்து, கட்டிவைத்த பேப்பரை இனாமாகக் கொடுத்து, ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்லி அனுப்புவார். தெருவில் மற்றவர்கள் காசுக்கு விற்ற பேப்பர், எங்கள் வீட்டில் மௌனத்துக்கு விலையாகப் போனது.

தைப்பூசத்துக்குக்கூட இதே கணக்கு. பத்துமலைக்குப் போகும் வெள்ளி ரதம் எங்கள் பக்கமாக வரும்போது தெருவே கூடியிருக்கும். மாமா பால்குடம் எடுப்பது முன்னும் பின்னும் இரண்டு நாள் விடுப்பு கிடைத்த வருடங்களில் மட்டும். மற்ற வருடங்களில் அத்தை பிள்ளைகளோடு போய் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வருவார். முருகன் கோபித்துக்கொள்ளமாட்டார், மேற்பார்வையாளர்தான் கோபித்துக்கொள்வார் என்பார்.

எனக்கு அந்த வீடு முதல் வருடம் பிடிக்கவே இல்லை. அப்பா போன வருடம் அது. பகலில் சத்தமாக அழ முடியாது. அழுகை வந்தால் அத்தை என் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு அழைத்துப் போவார். சிமெண்டுத் தொட்டிக்கு மேலே இருக்கும் குழாயை முழுக்கத் திறந்துவிடுவார். தண்ணீர் விழும் சத்தத்தில் நான் அழுது முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பார். பிறகு குழாயை மூடுவார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மூத்த மகளின் மனக்குறையையும் பதிவு செய்ய வேண்டும். அவளுடைய பள்ளி விளையாட்டுப் போட்டி எதற்கும் அப்பா வந்ததில்லை. ஒரே ஒரு பரிசளிப்பு விழாவுக்கு வந்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். அவள் மேடையிலிருந்து பார்த்திருக்கிறாள். ஐம்பது வயதிலும் அதைச் சொல்லும்போது அவள் குரல் மாறுகிறது. குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர் என்று இறுதிச் சடங்கில் எல்லோரும் சொன்னார்கள். மெய்தான். அந்தக் குடும்பம் அவருடைய தூக்கத்துக்காக வாழ்ந்ததும் மெய்.

ஸ்கைட்ரால் கதையை விட்டுவிட மனமில்லை. 737-இன் ஹைட்ராலிக் குழாய்களில் ஓடும் ஊதா நிறத் திரவம் அது. தோலில் பட்டால் எரியும்; கண்ணில் பட்டால் மிளகாய்த்தூள் தோற்றுவிடும். அந்தக் காலத்து ஹேங்கர்களில், நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு எரிச்சல் அடங்க ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விடும் பழக்கம் இருந்தது. வெள்ளைக்காரப் பொறியாளர் ஒருவர் இதைப் பெரிய ரகசியம் போலச் சொல்லிக்கொடுத்தாராம். மாமா வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னார். "இதற்கு அவ்வளவு தூரத்திலிருந்து ஓர் ஆள் வரவேண்டுமா?" என்றார் அத்தை.

கையெழுத்து இல்லை, 1984

இந்த ஆய்வின் மையம் இது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நாற்பது ஆண்டுக்கு முந்தைய கதை.

கடைசி மகளுக்குக் கடுமையான காய்ச்சல். மாமாவும் அத்தையும் இரண்டு இரவு மருத்துவமனையில் மாறி மாறி விழித்திருந்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அன்று இரவு அவருக்கு வேலை. ஒரு 737-இன் வால் சுக்கானில் ஒரு பாகத்தை மாற்றியிருந்தார்கள். இது போன்ற வேலைக்கு ஒருவர் கையெழுத்து போதாது. செய்தவர் சரிபார்த்த பிறகு, அதைச் செய்யாத இன்னொருவர் தனியாக, முதலிலிருந்து பார்க்க வேண்டும். கம்பி முறுக்கு, பின்களின் பூட்டு, அசைவின் திசை, அளவு எல்லாம். அந்த இரண்டாம் ஆள் மாமா.

அவர் மேற்பார்வையாளரிடம் போனார். "இரண்டு நாளாகத் தூங்கவில்லை. டார்ச் பிடிக்கிறேன், துடைக்கிறேன், என்ன வேலை கொடுத்தாலும் செய்கிறேன். கையெழுத்து மட்டும் இன்று வேண்டாம்" என்றார். வேறு லைசன்ஸ்காரரை வீட்டிலிருந்து வரவழைத்தார்கள். காலை விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. வந்தவர் பார்த்தார், குறை ஒன்றும் இல்லை. எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. கதையில் இதுதான் மாமாவுக்கு எதிரான இடம். குறை கிடைத்திருந்தால் அவர் வீரர் ஆகியிருப்பார்.

அந்த வருடப் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. இதனால்தான் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்துக் கிடைத்தது.

பராமரிப்புப் பிழைகளுக்கான பன்னிரண்டு காரணங்கள் என்று இன்று எல்லா ஹேங்கர் சுவரிலும் தொங்கும் பட்டியலைக் கனடாவில் கோர்டன் டுபோண்ட் 1993-இல்தான் தொகுத்தார். அதில் களைப்பும் உண்டு, துணிந்து சொல்லாமையும் உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-இல் வேறொன்றைக் காட்டினார்கள்: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. குடித்தவன் தன்னை நிதானமாக இருப்பவனாக நினைத்துக்கொள்வதைப் போல, தூங்காதவனும் தான் தெளிவாக இருப்பதாகவே நினைக்கிறான். களைப்பை அளக்க வேண்டிய கருவியே களைத்துப் போயிருக்கிறது.

அப்படியானால் மாமாவுக்கு எப்படித் தெரிந்தது? பல வருடங்கள் இந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. அது அவருடைய உறுதி, நேர்மை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு, கேட்கும் கருவியைச் சரிசெய்துகொண்டே அவர் சிரித்தார். "அது நான் எடுத்த முடிவு என்றா நினைத்தாய்? கிளம்பும்போது உன் அத்தை வாசலில் நின்று பார்த்தாள். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தேன். அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள். இன்றைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்றாள்."

ஹேங்கரில் இரண்டாம் பார்வை ஒன்று உண்டு என்றேன். அதற்கும் முந்தைய பார்வை செந்தூல் வீட்டு வாசலில் நடந்திருக்கிறது, எந்தப் படிவத்திலும் ஏறாமல். என் பாடத்தில் நிறுவனம் உண்டு, மேற்பார்வை உண்டு, வெளிச்சம், சத்தம், நேர நெருக்கடி எல்லாம் உண்டு. வாசல் இல்லை. விசாரணை அறிக்கைகள் ஊழியர் முந்தின நாள் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேட்கும். தூங்க வைத்தது யார் என்று எதிலும் படித்ததில்லை. அப்படியொரு கேள்வி இருந்திருந்தால் அந்த 37 ஆண்டுகளுக்கான பதிவில் பாதிக்கு மேல் அத்தையின் பெயர் இருக்கும். கம்பளி தொங்கவிட்டவர், பேப்பர்காரனை மறித்தவர், பொத்தானைப் பார்த்தவர்.

ஓய்வுக்குப் பின்

காதுகள் முதலில் போயின. எஃப்27-இன் டார்ட் இன்ஜின்கள் முடுக்கும்போது ஊசி போலக் கீச்சிடும். இரைச்சலால் வரும் செவிக்குறைவு 4000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் தொடங்கும். பேச்சின் மெல்லிய ஒலிகள் முதலில் நழுவும். பேரப்பிள்ளைகள் பேசுவது அவருக்கு உயிரெழுத்துகளாக மட்டும் கேட்டது. இதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. பழைய பேப்பர் லாரி இப்போது தொல்லை செய்வதில்லை என்பார்.

2009-இல் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு பாதி போய்விட்டது. ஏழு ஆண்டுகள் மாமா பார்த்துக்கொண்டார். பிள்ளைகளும் நானும் முறை வைத்து வந்து மாற்றிவிடுவோம். முதல் வாரமே அவர் ஒரு நீள நோட்டுப் புத்தகம் வாங்கி மேசையில் வைத்துவிட்டார். ஷிப்டு கைமாற்றுப் பதிவு. ஹேங்கரில் இரவு ஆள் காலை ஆளுக்கு எழுதிவைத்துப் போவது போலவே. அவருடைய விதி ஒன்றுதான்: முடித்ததைச் சுருக்கமாக எழுது, முடிக்காததை விரிவாக எழுது. முடித்தது தானே தெரியும். பாதியில் விட்டதுதான் கொல்லும்.

ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன். "காலை மாத்திரை கொடுத்தாகிவிட்டது. கஞ்சி பாதிதான் குடித்தாள். இடது பக்கம் திருப்பிப் படுக்க வைத்தது பத்து மணிக்கு. அடுத்து பன்னிரண்டுக்குத் திருப்ப வேண்டும், திருப்பவில்லை. நகம் வெட்ட வேண்டும், விடமாட்டேன் என்கிறாள், வற்புறுத்தவில்லை." ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து, அதன் கீழே பொறுப்பேற்பவரின் கையெழுத்து. இன்சுலினுக்கு மட்டும் இரண்டு கையெழுத்து. ஊசியில் ஏற்றிய அளவை இன்னொருவர் பார்க்காமல் போடமாட்டார். வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது அத்தையிடமே காட்டுவார். அத்தை பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் ஊசி.

2016-இல் அத்தை போனார். நோட்டுப் புத்தகம் நிற்கவில்லை. யாருக்கு எழுதினார் என்று தெரியாது. மருந்து, மின்கட்டணம், யார் யாருக்கு எத்தனை வெள்ளி தரவேண்டும், எந்தப் பேத்திக்குப் பிறந்தநாள் என்று எழுதிக்கொண்டே இருந்தார்.

மாமா 2023-இல், தூக்கத்திலேயே இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு மூத்த மகளும் நானும் அந்த நோட்டைப் புரட்டினோம். கடைசிப் பதிவு இறப்பதற்கு முந்தின மாலை. "பின்கட்டுக் குழாய் சொட்டுகிறது. வாஷர் வாங்கியாகிவிட்டது, சமையலறை மேல்தட்டில், நீல டப்பாவில். மாற்றவில்லை." கீழே அவர் கையெழுத்து. பொறுப்பேற்பவரின் இடம் காலியாக இருந்தது.

தண்ணீரை அடைத்துவிட்டுக் குழாயைக் கழற்றினேன். பழைய வாஷரை உள்ளங்கையில் வைத்து, புதியதை அதன்மேல் வைத்துக் கண்ணளவாகப் பார்த்தேன். இதைத்தான் செய்யக்கூடாது என்று இருபது ஆண்டுகளாகக் கத்திக்கொண்டிருப்பவன் நான். டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த ரசீதை எடுத்து அளவைப் படித்தாள் மாமா மகள். அரை அங்குலம். சரிதான். மாட்டினேன். அவள் வந்து திருகித் திறந்தாள், மூடினாள், விரலைக் குழாயின் வாயில் வைத்துச் சற்று நேரம் காத்திருந்தாள்.

சொட்டவில்லை. நோட்டில் இருவரும் கையெழுத்திட்டோம்.